ஏகாம்பரத்தின் இரண்டு கன்னங்கள்

ஓய்வு பெற்ற நர்ஸ் என்றால் தெருவில் ஒரு மரியாதை உண்டு. யாருக்காவது தலை சுற்றினால் கூப்பிடுவார்கள். பிரஷர் பார்க்கச் சொல்வார்கள். மாத்திரைச் சீட்டை நீட்டி விளக்கம் கேட்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் தெருவில் என்னிடம் வருகிறவர்கள் கன்னத்தைக் காட்டுகிறார்கள். "கஸ்தூரிக்கா, இந்தக் கோடு போவுமா?" பால் வாங்கப் போனாலும், ரேஷன் வரிசையில் நின்றாலும் இதே விசாரணைதான். போன வாரம் ஒரு சாவு வீட்டில் ஒரு அம்மாள் அழுகையை நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, "கண்ணுக்குக் கீழ பை மாதிரி தொங்குது பாரு, இதுக்கு ஊசி இருக்கா?" என்றாள். முதலில் அழுது முடி தாயே, பிறகு பார்க்கலாம் என்றேன்.

இதெல்லாம் நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தின் புண்ணியம். நர்சிங் படிப்பு, ஆண்கள் வார்டு, தீக்காய வார்டு என்று பாதி ஆயுளைப் போக்கியவள் நான். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆம்பூரில் ஒரு மாடிப்படி ஏறினால் வரும் தோல் கிளினிக்கில், டாக்டர் நஸீமா மேடத்திடம் இருந்த வருஷங்களைத்தான் கேட்கிறார்கள். இப்போது அங்கே இருக்கும் சின்ன நர்ஸ் பெண்கள் போனில் படம் காட்டுகிறார்கள். ஏதோ ஒரு பியூட்டி பார்லரில் அரை மணி நேரத்தில் முகத்தைப் புதுசாக்கித் தருகிறார்களாம். "நம்ம மேடம் மட்டும் ஏன்க்கா மாசக்கணக்குல இழுக்கறாங்க? ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தானா?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் நான் எங்கெங்கோ போய்விடுவேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினாலும் எங்கெங்கோ போவேன் என்பது அவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

மேடம் கன்னத்தில் போடும் அந்த ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தோலுக்கு அடியில் நார் நாராக ஒரு பின்னல் இருக்கிறது. அதற்குக் கொலாஜன் என்று பெயர். வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை தோல் ஷாப்புகளில் நாளெல்லாம் ஊற வைத்து, பதப்படுத்தி, இழுத்து, தேய்த்து எடுப்பது ஆட்டிலும் மாட்டிலும் இருக்கும் இதே சங்கதியைத்தான். வயசானால் இந்தப் பின்னல் தளர்ந்துபோகும். ஊசி அங்கே எதையும் அடைத்து நிரப்புவதில்லை. மருந்துத் துகளைக் கொண்டுபோய் ஆழத்தில் விட்டுவிட்டு வருகிறது. "யாரோ வந்திருக்காங்க" என்று உடம்பு விழித்துக்கொண்டு புது நாரைப் பின்ன ஆரம்பிக்கும். பின்னி முடிக்க மாசங்கள் ஆகும். மருந்து கரைந்து போய்விடும், பின்னல் இருக்கும். குடியாத்தத்தில் நெசவு வீட்டில் பிறந்தவள் நான். பாவு ஓட்டி, தறியில் ஏற்றி, ஒரு லுங்கி இறங்குவதற்குள் வீட்டில் எத்தனை சண்டை நடந்து முடியும் என்று தெரியும். பின்னல் வேலையை அவசரப்படுத்த முடியாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் அவசரப்பட்டவள் நான்தான்.

மேடம் சென்னையில் போய் இந்த ஊசியைக் கற்றுக்கொண்டு வந்த புதிது. வந்தவர் உடனே பலகை மாட்டவில்லை. "முதல்ல ஒரு முகத்தைப் போட்டு, வருஷம் பூரா பக்கத்துல வெச்சுப் பார்க்கணும் கஸ்தூரி. அப்புறம்தான் மத்தவங்க" என்றார். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"வேலைக்காகச் சொல்றியா, உனக்கே வேணுமா?"

"எனக்கே வேணும் மேடம். கல்யாணப் போட்டோவைப் பார்த்தா எங்க வீட்டுக்காரர் 'இது யாரு உன் தங்கச்சியா'ன்னு கேக்கறாரு."

"அப்ப சரி."

"ஒரு யோசனை மேடம். பாதி முகத்துக்கு மட்டும் போட்டு, பாதியை அப்படியே விட்டா எல்லாருக்கும் வித்தியாசம் காட்டலாம் இல்ல?"

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முழு கஸ்தூரியையே சமாளிக்க முடியல. பாதிப் பாதியா ரெண்டு கஸ்தூரி வேணாம்."

அப்படியாக ஆம்பூர் கிளினிக்கின் முதல் கன்னம் என்னுடையது. கல்வெட்டு யாரும் வைக்கவில்லை. ஊசி போட்டு முடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். அடடா! கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. அன்று சாயங்காலம் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே பஸ் ஸ்டாண்டு வழியாகச் சுற்றிப் போனேன். இரண்டே நாள். மருந்தோடு போன தண்ணீரை உடம்பு உறிஞ்சிவிட்டது. கண்ணாடியில் பழைய கஸ்தூரி வந்து உட்கார்ந்துகொண்டாள். மேடத்திடம் போய் அழாத குறை. "சொன்னேனா இல்லையா?" என்றார். சொல்லியிருந்தார். ஊசிக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் தாளில் இருந்ததை நானே உரக்கப் படித்தும் இருக்கிறேன். வாய் படித்ததைக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாசங்கள் போயின. வீட்டுக்காரர் கவனித்தது சாம்பாரில் உப்பு கம்மி என்பதை மட்டும்தான். ஒருநாள் என் நாத்தனார் வந்தாள். என்னைப் புகழ்ந்தால் நாக்கு வெந்துவிடும் என்று நினைக்கிறவள். உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, இப்பல்லாம் ஜாஸ்தி தூங்கறியா?" என்றாள். மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அதுதான். அவ்வளவுதான் வேணும். அதுக்கு மேல யாராவது ஏதாவது சொன்னா நான் தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்."

மேடத்தின் முறையை இந்தப் பெண்களுக்காகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மருந்து பொடியாக வரும். அதில் முந்தின நாளே சுத்தத் தண்ணீர் விட்டு ஊற வைக்க வேண்டும். இட்லி மாவை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. விட்டவுடன் குலுக்கக் கூடாது, கட்டி தட்டும். அது தானாக நனையும்வரை விட வேண்டும். மறுநாள் மெதுவாகச் சுழற்றிக் கலக்குவது என் வேலை. என் வாயை மட்டும்தான் நான் அவசரமாகச் சுழற்றுவேன் என்று மேடம் சொல்வார்.

நோயாளியை அவர் படுக்க வைத்துப் பார்க்கவே மாட்டார். "படுத்தா எல்லாரும் அழகுதான்" என்பார். நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மேலே விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். சிரிக்கச் சொல்வார், பல்லைக் கடிக்கச் சொல்வார், பேச விடுவார். வெள்ளைப் பென்சிலால் கன்னத்தில் கோடு போடுவார். பிறகுதான் சாய்ப்பார். மரத்துப்போக வைத்து, ஓரத்தில் ஒரே துவாரம் போட்டு, முனை மழுங்கிய நீள ஊசியை உள்ளே செலுத்தி, விசிறி மடிப்பு மாதிரி பல திசையில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டு வருவார். அந்த நேரத்தில் அறையில் என் குரல் கூடக் கேட்காது. முடித்ததும் விரல் நுனியால் வட்டமாக நீவிவிடுவார். மருந்து ஒரே இடத்தில் தேங்கினால் உள்ளே முடிச்சு விழும். அதனால் வீட்டுக்குப் போயும் சில நாள் நீவ வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

பாதிப் பேரை ஊசியே போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். நடிகை படத்தைக் காட்டியவர்களிடம், "உங்க பழைய போட்டோ எடுத்துட்டு வாங்க, அவங்களோடது அவங்களுக்கு இருக்கட்டும்" என்பார்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஏகாம்பரம் வந்தார்.

அது அவருடைய பெயர் இல்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரை மாத்துங்க, உறவுமுறையைக் கலைச்சிப் போடுங்க சிஸ்டர். ஆனா தோல்ல இவனுக்கு மிஞ்சின ஆளு இல்லேன்னு மட்டும் எழுதிடுங்க" என்றார். எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் மாறியிருக்கிறது, கன்னம் மட்டும் நிஜம்.

ஏகாம்பரம் ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். நீள மேஜையில் தோலைத் தூக்கிப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, முதல் தரம், இரண்டாம் தரம் என்று சொல்லிக்கொண்டே போகிற வேலை. ஐம்பதைத் தாண்டியவர். வெளுத்த சட்டை, வகிடெடுத்த தலை. ஆனால் அந்த முகம்! இரண்டு கன்னத்திலும் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்திவிட்ட மாதிரி குழி. எலும்பு எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டியது. தீக்காய வார்டில் இருந்த எனக்கே ஒரு கணம் பார்வை வேறு பக்கம் போனது. கூட அவர் மனைவி வந்திருந்தார். முந்தானையை வாயில் வைத்தபடி நின்றார்.

"மேடம், நான் கடைசில வர்றேன். மத்தவங்க முடியட்டும்" என்றார் வாசலில் நின்றே.

"ஏன்?"

"எங்கே போனாலும் என்னைக் கடைசியாத்தான் கூப்பிடுவாங்க." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பல வருசமா கவர்மென்ட் மாத்திரை சாப்பிடறேன். நல்லா இருக்கேன். இந்த மூஞ்சிதான்..."

மேடம் என் பக்கம் திரும்பினார். "கஸ்தூரி, இவருக்குக் காலைல நேரம் குடு. என் கை காலைலதான் நல்லா இருக்கும்."

ஏகாம்பரம் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் போடும் அதே கையுறையைப் போட்டுக்கொண்டு மேடம் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரியாத உலகத்தில் எல்லாருக்கும் ஒரே ஜாக்கிரதைதான் என்பது எங்கள் கிளினிக் சட்டம்.

கதை இதுதான். ஆரம்ப காலத்தில் அவர் சாப்பிட்ட மாத்திரை உயிரைக் காப்பாற்றியது, கன்னத்துக் கொழுப்பைத் தின்றுவிட்டது. அந்த மாத்திரையை எப்போதோ நிறுத்தி வேறு கொடுத்துவிட்டார்கள். போன கன்னம் திரும்பி வரவில்லை. இத்தனை வருஷமும் "வேலை ஜாஸ்தி, வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிச் சமாளித்தார். சில நாள் முன்பு ஒரு டீக்கடையில் யாரோ ஒரு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் அதே குழி. இவர் முகத்தைப் பார்த்தான். நம்மாளு என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்துப் போனான்.

"ஒரு வார்த்தை பேசல மேடம். ஆனா அவனுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியாதா?"

அதைக்கூடத் தாங்கியிருப்பார். மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார், அவள் முழுகாமல் இருந்தாள். சம்பந்தியம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும்போது மகளிடம், "உங்கப்பாவுக்கு இன்னா உடம்பு? டி.பி. கீபி இருக்கப் போவுது. குழந்தை பொறந்தா கொஞ்ச நாளைக்கு அவரு தூரத்துலேர்ந்தே பாக்கட்டும்" என்றாராம்.

"தூக்கினா ஒட்டாது, முத்தம் குடுத்தா ஒட்டாது. எனக்குத் தெரியும். டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா இதை நான் அவங்ககிட்ட எப்படி மேடம் சொல்லுவேன்? சொன்னா என் பொண்ணு அந்த வீட்ல எப்படி இருப்பா?" அவர் கண் கலங்கவில்லை. தோலின் குறையைச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். "எனக்கு அழகு வேணாம். என் பேரப்பிள்ளையை ஒரு தடவை யாரும் தடுக்காம தூக்கணும். அதுக்கு ஒரு மூஞ்சி வேணும்."

அவர்கள் போன பிறகு நான் வெடித்தேன். "அந்தம்மாவுக்கு நாலு வார்த்தை புரியற மாதிரி சொல்லாம இவரு ஏன் மேடம் ஊசி குத்திக்கணும்?"

மேடம் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஊரைத் திருத்த என்கிட்ட ஊசி இல்ல கஸ்தூரி. கன்னத்துக்குத்தான் இருக்கு."

அவருடைய சம்மதத்தோடு அரசு டாக்டரிடம் மேடம் பேசினார். ரத்தப் பரிசோதனையெல்லாம் நன்றாக இருந்தது. ஊசி போட்டோம். நீவுவதற்குச் செய்து காட்டினேன். அப்போது ஏகாம்பரம் சிரித்தார். "தோலைத் தேய்க்க எனக்கே சொல்லித் தர்றீங்களா சிஸ்டர்?" எனக்கும் சிரிப்பு வந்தது. அங்கேதான் உஷாராகியிருக்க வேண்டும் என்று இப்போது எழுத நன்றாக இருக்கிறது.

சில நாளில் அவரே மாடிப்படி ஏறி வந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றி முகத்தை மறைத்திருந்தார். துண்டை எடுத்தார். இரண்டு கன்னமும் பீட்ரூட். மூக்கோரத்திலிருந்து காதுவரை கோடு கோடாகக் கன்றியிருந்தது.

"யாரு அடிச்சாங்க?" என்றேன்.

"யாரும் அடிக்கல சிஸ்டர். தேய்ச்சேன்."

"எதால?"

"கரண்டியால."

"கரண்டியா!" என்று நான் கத்திவிட்டேன். மேடம் பதறவில்லை. விரல் நுனியால் கன்னம் முழுக்க, உள்ளே முடிச்சு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி உட்புறமும் பார்த்தார். முடித்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கேட்டார். "எப்படித் தேய்ச்சீங்க, காட்டுங்க."

ஏகாம்பரம் மேஜைமேல் இருந்த துணியை விரித்துச் செய்து காட்டினார். தோல் ஷாப்பில் ஈரத் தோலைப் பலகையில் போட்டு, மழுங்கின தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பலம் கொண்ட மட்டும் தள்ளுவார்கள். தண்ணீரும் போகும், சுருக்கமும் போகும். அப்படியே விரைப்பாக இழுத்துக் காய விடுவார்கள். இழுக்காமல் காய்ந்துவிட்டால் அந்தத் தோல் சுருங்கினது சுருங்கினதுதான்.

"ஊசி போட்ட அன்னிக்கு உப்பலா இருந்துச்சு மேடம். என் வீட்டுக்காரி அழுதுட்டா. ரெண்டாம் நாளு பார்த்தா வத்திக்கிட்டே போவுது. ஊறின தோலு காயும்போது வத்தும்னு எனக்குத் தெரியாதா? காயறதுக்குள்ள இழுத்துடணும்னு நினைச்சேன். விட்டா கையை விட்டுப் போய்டும்ல. விடியறதுக்குள்ள எழுந்து தேங்காயெண்ணெய் போட்டு, கரண்டியைத் திருப்பிப் பிடிச்சு..."

"அது தண்ணி வத்தறதுதான்னு சிஸ்டர் சொல்லலையா?"

"சொன்னாங்க. சமாதானத்துக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பாசத்துக்கு அளவில்லை. பஸ் ஸ்டாண்டு வழியாகப் புடவை கட்டிக்கொண்டு சுற்றியவள் அல்லவா நான்.

மேடம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே, அங்க மேஜையில இருக்கிறது செத்த தோல். அதை நீங்க இழுத்தாத்தான் உண்டு. இது உயிரோட இருக்கு. உள்ள அதுபாட்டுக்கு வேலை பார்க்குது. நீங்க கரண்டியை வெச்சு அதை பேஜார் பண்ணாதீங்க."

ஏகாம்பரம் விரித்த துணியை மடித்து மேஜையில் வைத்தார். பிறகு, "கெட்டுப் போச்சா?" என்றார். கேட்டது முகத்தைப் பற்றி இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"இன்னிக்குத் தெரியாது. முடிச்சு எதுவும் கைல படல. வீக்கம் இறங்கட்டும். அடுத்த ஊசியைத் தள்ளித்தான் போடணும்."

"தள்ளினா எப்படி மேடம்? பொண்ணுக்கு நாள் நெருங்குதே! ஒரேடியா டபுளாப் போட்டுடுங்க. பெங்களூர்ல ஒருத்தன் ஒரே நாள்ல நிரப்பித் தர்றானாம், ஷாப்புல பேசிக்கிட்டாங்க."

"நிரப்புவான். திங்கக்கிழமை குழி, செவ்வாய்க்கிழமை கன்னம். உங்க சம்பந்தியம்மா கேக்க மாட்டாங்களா?"

ஏகாம்பரம் துண்டை எடுத்து மறுபடி கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"உங்களுக்கு வேண்டியது கன்னம் இல்லண்ணே. யாரும் கேள்வி கேக்காத கன்னம். அது மெதுவாத்தான் வரும். மெதுவா வந்தாத்தான் அது."

அவர் போன பிறகு மேடம் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. எதிரே பிரியாணிக் கடையிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி நான் ஒரு ஜோக் சொன்னேன். அவர் சிரிக்காமல், "அந்தத் தேய்ப்புல மருந்து எங்க போச்சோ, எனக்கே தெரியல கஸ்தூரி" என்றார். அவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு காத்திருத்தல். இதை எழுதுவதற்கு ஒன்றுமில்லை, அதுதான் இந்த வேலையின் கஷ்டம். கன்றல் மறைந்தது. ஏகாம்பரம் ஒவ்வொரு தடவையும் வந்து ஜன்னல் பக்கம் உட்காருவார். மேடம் பார்ப்பார், நான் பார்ப்பேன். "கொஞ்சம் பரவால்ல" என்று நானும், "தெரியல" என்று அவரும் சொல்வோம். கரண்டிக்கு வீட்டில் தடை போட்டாகிவிட்டது. அவர் மனைவி சமையலறைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் தூங்குகிறாராம். தள்ளிப்போட்ட இரண்டாவது ஊசியும் ஒருநாள் காலையில் முடிந்தது. இந்தத் தடவை அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, அவர் மனைவிதான் நீவிவிட்டார்.

அப்புறம் ஒருநாள் காலை கிளினிக் திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம்.

"சிஸ்டர், நான் சவரம் பண்ணும்போது நாக்கை உள்ளேர்ந்து கன்னத்துக்குக் குடுத்துத் தள்ளிக்குவேன். இல்லேன்னா பிளேடு குழிக்குள்ள இறங்காது. இன்னிக்கு ஏதோ நினைப்புல நாக்கைத் தள்ள மறந்துட்டேன். பிளேடு அதுபாட்டுக்கு வழுக்கிட்டுப் போய்டுச்சு. பாதி முடிச்சப்புறம்தான் கண்ணாடில பார்த்தேன்."

"அப்புறம்?"

"மீதிப் பாதியை நாக்கைத் தள்ளிப் பார்த்தேன். தேவைப்படல."

குண்டுக் கன்னம் ஒன்றும் வந்துவிடவில்லை. குழி ஆழம் குறைந்து ஒரு சாதாரணப் பள்ளமாகியிருந்தது. கொஞ்சம் மெலிந்த, கொஞ்சம் களைத்த, ஷாப்பில் ஓடியாடி வேலை பார்க்கும் எந்த மனுஷனுக்கும் இருக்கிற முகம். மேடம் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வலது பக்கம் இடதைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருப்பதைக் காட்டி, "கரண்டியை எந்தக் கைல பிடிச்சீங்க?" என்று கேட்டார். ஏகாம்பரம் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அதோடு அவர் வருவது குறைந்துபோனது. குழந்தை பிறந்த செய்தி போனில் வந்தது. பெண் குழந்தை. தூக்கினாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம், பிறகு தீட்டு என்று ஏதேதோ சொல்லி வைத்துவிட்டார். அதற்குள் நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

குடியாத்தத்தில் என் ஒன்றுவிட்ட அக்கா கோவிந்தம்மாள் வீட்டில் பேத்தியைத் தொட்டிலில் போடும் விசேஷம். வாசலில் பவர்லூமை நிறுத்திவிட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்து வடையில் கை வைத்தேன். எதிரே சாப்பாட்டுப் பந்தி ஓரத்தில், தண்ணீர் ஜக்கோடு நின்றவரைப் பார்த்தேன். ஏகாம்பரம். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஜக்கிலிருந்த தண்ணீர் யாரோ ஒருவர் இலையில் வழிந்து ஓடியது.

அவர் வாயில் சம்பந்தியம்மா, சம்பந்தியம்மா என்று இத்தனை மாசம் கேட்டது எங்கள் கோவிந்தம்மாளைத்தான்! அவள் மகன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் நான் போகவில்லை, சம்பந்தி ஊர் எது என்று அவரிடமும் கேட்டதில்லை. அவரும் என் சொந்த ஊரைக் கேட்டதில்லை.

கோவிந்தம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். வந்தவள் அவரையும் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"சம்பந்தி, இங்க வாங்க. இது எங்க கஸ்தூரி. உங்க ஆம்பூர்லதான் தோல் டாக்டரம்மாகிட்ட நர்ஸா இருந்தா. இன்னா கஸ்தூரி, இவரைப் பார்த்திருக்கியா?"

என் வாயைப் பற்றி இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். திறந்தால் நிற்காது. ஏகாம்பரம் ஜக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கன்னத்துச் சதை ஒரு தடவை துடித்தது. அதைக்கூட நான் பெருமையோடுதான் பார்த்தேன், துடிக்கச் சதை இருந்ததே என்று.

"ஆம்பூர்ல இருக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியுமாக்கா?" என்றேன். "வணக்கங்க. பொண்ணோட அப்பாங்களா?"

"ஆமாங்க. வணக்கங்க" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது.

"நீ இவரை முன்னாடி பார்த்திருக்கணும்டி" என்று கோவிந்தம்மாள் அவர் எதிரிலேயே ஆரம்பித்தாள். "எலும்பும் தோலுமா இருந்தாரு. நான் பயந்தே போய்ட்டேன். இன்னான்னவோ நினைச்சேன். பேத்தி வர்றான்னு தெரிஞ்சதுலேர்ந்து மனுஷனுக்குச் சதை போட ஆரம்பிச்சிடுச்சு. சந்தோஷம் இன்னா பண்ணுது பாரு!"

சதை போட்டது எங்கள் மேடம், நீவியது இவர் பெண்டாட்டி, ஊற வைத்தது நான் என்று ஒரு முழு வாக்கியம் தொண்டைவரை வந்தது. வடையை அப்படியே முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

உள்ளேயிருந்து யாரோ, "பாயசம் அடிபிடிக்குது" என்று கத்தினார்கள். கோவிந்தம்மாளுக்குப் பாயசம் அடிபிடித்தால் உயிர் போய்விடும். "அய்யய்யோ, இந்தாங்க சம்பந்தி, புடிங்க. என் கையும் ஓஞ்சு போச்சு" என்று குழந்தையை அவர் நெஞ்சில் சாத்திவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜக்கை நான் வாங்கிக்கொண்டேன். அவர் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். தோலைத் தூக்கிப் போட்டுத் தரம் சொல்லும் கை, என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே இருந்தது. சுற்றிலும் பந்தி நடந்துகொண்டிருந்தது. எங்களை யாரும் பார்க்கவில்லை.

அவர் குனிந்து குழந்தையின் நெற்றியை முகர்ந்தார். அது கையை நீட்டித் துழாவி, அவருடைய வலது கன்னத்தைப் பற்றிக்கொண்டது. பிடிக்க அங்கே இடம் இருந்தது.